கருவூலத்தின் கதை – 14: கள்ளுக்கு ஈடான வரி

1937 அக்டோபர் 1, வெள்ளிக்கிழமை. சேலம் மாவட்டத்தில் அன்று காலை கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறக்கவில்லை. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. அத்தனை பெரிய பரப்பில் ஒரே நாளில் கடைகளை மூடியது, பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகாத ராஜாஜியின் அமைச்சரவை. முதலமைச்சரை அன்று 'பிரதமர்' என்றே அழைத்தார்கள். பிரதமர் ராஜாஜியே நிதி அமைச்சர். ஆகவே கடையை மூடியவரும், மூடியதால் விழுந்த ஓட்டையை அடைக்க வேண்டியவரும் ஒருவரேதான்.

அந்த ஓட்டையின் அளவைப் பார்த்துவிட்டு மேலே போகலாம். கள், சாராயம் இவற்றின் மீதான கலால் வருவாய், பேச்சுவழக்கில் 'அப்காரி', சென்னை மாகாணத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி ரூபாய் தந்துகொண்டிருந்தது. மாகாணத்தின் மொத்த வருவாயில் கிட்டத்தட்ட கால் பங்கு. 1886-ஆம் ஆண்டு அப்காரிச் சட்டத்திலிருந்து அரை நூற்றாண்டாகக் கட்டி எழுப்பப்பட்ட ஏற்பாடு அது. கள் இறக்கும் மரத்துக்கு மரவரி, கடைக்கு ஏலம், ஏலம் எடுத்தவருக்குக் குத்தகை. பாசனமோ மழையோ பொய்த்தால் நிலவரி தள்ளுபடி கேட்டுக் குடியானவர்கள் வருவார்கள். கள்ளுக்கடை ஏலத்தில் அப்படி யாரும் வருவதில்லை. கலெக்டர் கச்சேரிக்கு இதைவிடச் சிக்கலில்லாத வருமானம் கிடையாது. பள்ளிக்கூட வாத்தியாரின் சம்பளத்திலும் ஆஸ்பத்திரி மருந்திலும் நான்கணாவுக்கு ஓரணா, சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போன மனிதனின் மடியிலிருந்து வந்தது.

இந்தக் கடைசி வாக்கியம்தான் ராஜாஜியை வாட்டியது. அவர் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கி, அந்த வறண்ட சீமையில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தியவர். நெசவாளி வீட்டிலும் பண்ணையாள் குடிசையிலும் குடி என்ன செய்கிறது என்பதை அறிக்கைகளில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை அவருக்கு இல்லை. அதனால்தான் முதல் மாவட்டம் சேலம்.

அதே 1937 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு வேறு இரண்டு முக்கியத்துவங்களும் உண்டு. மறு ஆண்டு ராஜாஜி அரசு கொண்டுவந்த விவசாயக் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களுக்கு இந்தத் தேதியில் நிலுவையாக நின்ற வட்டி முழுவதையும் தள்ளிவிட்டது. டில்லியில் கூட்டாட்சி நீதிமன்றம் உயிர்பெற்றதும் அதே நாளில். இந்தக் கதையின் பிற்பகுதியில் அந்த நீதிமன்றம் இருமுறை வரப்போகிறது.

சேலத்தை அடுத்து 1938 அக்டோபரில் சித்தூரும் கடப்பையும். 1939 அக்டோபரில் வட ஆர்க்காடு. ஒவ்வொரு மாவட்டம் சேரும்போதும் அப்காரி ஒரு படி இறங்கும். மாகாணம் முழுதும் மதுவிலக்கு வந்தால் 4 கோடியும் போகும். பணம் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விக்கு அன்று பல பதில்கள் இருந்தன. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் உயிர் இருக்கிறது.

முதலில், டில்லியிடம் கேட்கலாம். கேட்டும் பயனில்லை. வருமான வரி மத்திய அரசின் கையில் இருந்தது. 1936-இல் சர் ஆட்டோ நீமேயர் வகுத்த பங்கீட்டின்படி அதில் பாதி மாகாணங்களுக்கு உரியது, அந்தப் பாதியில் சென்னைக்கு 15 சதவீதம். ஆனால் முதல் சில ஆண்டுகளுக்கு அந்தப் பாதியிலிருந்தும் ஒரு பகுதியை மத்திய அரசு தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே பங்கீடு சொன்னது. மாகாண சுயாட்சி என்று பெயர். கஜானாச் சாவி டில்லியில்.

அடுத்து, நிலவரியைக் கூட்டலாம். அதை யோசிக்கவே முடியாது. 1930-களின் விலைச் சரிவில் நெல்லும் நிலக்கடலையும் விலைபோகாமல் ரயத்துகள் நொடித்துக் கிடந்தார்கள். அந்த ரயத்துகளின் ஓட்டில்தான் காங்கிரஸ் 215 இடங்களில் 159-ஐப் பிடித்திருந்தது.

சிக்கனம் செய்யலாம். செய்தார்கள். கராச்சி காங்கிரஸ் 1931-இல் வகுத்த நெறிப்படி அமைச்சர்கள் மாதம் 500 ரூபாய் சம்பளம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பெரிய சம்பளம் வாங்கிய ஐ.சி.எஸ். அதிகாரிகளின் ஊதியத்தில் கை வைக்க மாகாண அரசுக்கு அதிகாரமே கிடையாது. அமைச்சர் சிக்கனம் காட்டி மிச்சப்படுத்துவது கடலில் ஒரு குடம்.

நாலாவது வழி, ஜமீன்தார்களிடமும் பெரிய பண்ணைகளிடமும் கேட்பது. இங்கே சற்று நிற்க வேண்டும்.

1802-இல் நிரந்தர ஒப்பந்தம் செய்தபோது ஜமீன்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய பேஷ்குஷ் தொகை என்றென்றைக்குமாக நிர்ணயமாகிவிட்டது. ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம், வடக்கே விஜயநகரம், பிட்டாபுரம் என்று மாகாணத்தின் பெரும் பரப்பு இப்படிப்பட்ட ஜமீன்களில் கிடந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் குடிவாரமும் விளைச்சலும் விலையும் மாறின. பேஷ்குஷ் மாறவில்லை. விவசாய வருமானம் என்பதால் வருமான வரியும் கிடையாது. பக்கத்து ரயத்துவாரி கிராமத்தில் மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் முப்பது ஆண்டுக்கொருமுறை மறுநிர்ணயத்துக்குத் தலைகொடுத்துக்கொண்டிருந்தார்.

இதை மாற்றச் சட்டத்தில் வழி இருந்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணப் பட்டியலில் விவசாய வருமான வரியைச் சேர்த்திருந்தது. காங்கிரஸின் கராச்சித் தீர்மானம் இன்னும் தெளிவாக, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட விவசாய வருமானத்துக்குப் படிப்படியாக உயரும் வரி வேண்டும் என்று சொன்னது. முழு மதுவிலக்கும் அதே தீர்மானத்தில்தான் இருந்தது. பீகாரின் காங்கிரஸ் அமைச்சரவை 1938-இல் அந்த வரியைச் சட்டமாக்கியது. பீகார் நிரந்தர ஒப்பந்த ஜமீன்தார்களின் கோட்டை என்பதை நினைத்துப் பார்த்தால் அது சிறிய காரியமல்ல. சென்னையில் வருவாய் அமைச்சர் பிரகாசம் தலைமையில் ஜமீன் நிலங்களை விசாரித்த குழு, 1938 இறுதியில் குடியானவர் பக்கம் நின்று அறிக்கை தந்தது. அறிக்கை மேசையில் இருந்தது. ராஜாஜி அரசு பதவியில் இருந்தவரை அது சட்டமாகவில்லை, விவசாய வருமான வரியும் வரவில்லை.

கராச்சித் தீர்மானத்தில் இடம்பெற்ற மதுவிலக்கை எடுத்துக்கொண்டு, அதே பட்டியலில் இருந்த விவசாய வருமான வரியை விட்டுவிட்டு, பட்டியலில் இல்லாத ஒரு வரியைத் தேர்ந்தார்கள். விற்பனை வரி. மதுவிலக்கை நான் மனமார ஏற்பவன். ஏழையின் போதையில் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது என்ற ராஜாஜியின் பிடிவாதத்தை மதிப்பவன். ஆனால் அந்தப் பிடிவாதத்தில் ஒரு பங்கையாவது ஜமீன் மாளிகைகளின் பக்கம் அவர் திருப்பியிருக்க வேண்டும் என்பதே என் முடிவு.

ராஜாஜியின் கணக்கு வேறு. அவர் வாதத்தின் சாரம் இது: குடிக்காத கூலிக்காரன் அந்தக் காசைப் பூட்டி வைக்கப் போவதில்லை. அரிசி வாங்குவான், வேட்டி சேலை வாங்குவான், பிள்ளைக்கு வெல்லம் வாங்குவான். கள்ளுக்கடைக்குப் போன பணம் கடைத்தெருவுக்கு வருகிறது. மதுவிலக்கால் லாபம் அடைபவர் வியாபாரி. அந்த லாபத்தில் ஒரு துளியை அரசுக்குத் தரட்டும். சேலத்தில் அப்போது நடந்த பொருளாதார ஆய்வுகளும் குடும்பங்களில் சாப்பாட்டுக்கும் துணிக்கும் செலவு கூடியதைக் காட்டின. வாதத்தில் உண்மை இருந்தது.

சட்ட வழியில் ஒரு தடை மட்டும் நின்றது. மாகாணம் பொருள் விற்பனை மீது வரி போடலாம் என்று 1935 சட்டம் சொன்னது. உற்பத்திப் பொருள் மீதான கலால் மத்திய அரசுக்கு என்றும் சொன்னது. இரண்டுக்கும் எல்லை எங்கே? மத்திய மாகாண அரசு 1938-இல் பெட்ரோல், மசகு எண்ணெய் சில்லறை விற்பனைக்கு 5 சதவீத வரி போட்டதும் டில்லி ஆட்சேபித்தது. இது பெயர் மாற்றிய கலால் என்றது. வழக்கு, புதிதாய்ப் பிறந்த கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி சர் மாரிஸ் க்வையரும் உடனிருந்த நீதிபதிகளும் 1938 டிசம்பர் 2-ஆம் தேதி மாகாணத்தின் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

சென்னைக்கு வழி திறந்தது. 1939-இல் அடுத்தடுத்துச் சட்டங்கள்: பெட்ரோல் விற்பனைக்கு ஒன்று, புகையிலைக்கு ஒன்று, சினிமா, நாடகக் கொட்டகைகளுக்குக் கேளிக்கை வரி ஒன்று. எல்லாவற்றிலும் பெரியது அந்த ஆண்டின் 9-ஆவது சட்டமான சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம். பெட்ரோல் மாதிரி ஒரு பொருளுக்கு என்றில்லாமல், விலக்கப்பட்ட சில தவிர எல்லாப் பொருள்களின் விற்பனைக்கும் இந்தியாவில் வரி போட்ட முதல் சட்டம் இதுதான். 1939 அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. சேலத்தில் கடை மூடிச் சரியாக இரண்டு ஆண்டு.

சட்டத்தின் மூன்றாம் பிரிவு மிகச் சிறியது. ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்கு உட்பட்டால் வரி இல்லை. 10,000-க்கு மேல் 20,000 வரை மாதம் 5 ரூபாய். 20,000-ஐத் தாண்டினால் விற்றுமுதலில் அரை சதவீதம். அன்றைய நாணயத்தில் ரூபாய்க்கு 192 பை. அரை சதவீதம் என்பது ரூபாய்க்கு ஒரு பைக்கும் சற்றே குறைவு. நூறு ரூபாய்க்கு எட்டணா. பார்வைக்கு ஒன்றுமே இல்லை போலத் தெரியும்.

பேனா எடுத்துக் கணக்குப் போட்டால் தெரியும். ஆண்டுக்கு 10,500 ரூபாய்க்கு விற்கிற சிறு மளிகைக்காரர் மாதம் ஐந்து வீதம் 60 ரூபாய் கட்டுகிறார்; அது அவர் விற்றுமுதலில் 0.57 சதவீதம். 19,500-க்கு விற்பவர் கட்டுவதும் அதே 60, அவருக்கு 0.31 சதவீதம்தான். லட்சக்கணக்கில் விற்கும் மொத்த வியாபாரிக்கு 0.5. ஆக, 12,000 ரூபாயை எட்டாத சிறு கடைக்காரர், ஊரின் பெரிய மண்டிக்காரரைவிடக் கூடுதல் விகிதத்தில் கட்டினார். கணக்கு எழுதத் தெரியாதவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று வைத்த மாதாந்தரத் தொகை அது. நல்லெண்ணம்தான். ஆனால் விலக்கு எல்லையைச் சற்றே தாண்டியவரின் தோளில் பாரம் கூடியது.

இன்னொன்று, இது லாபத்தின் மீது போட்ட வரி இல்லை. விற்றுமுதலின் மீது போட்டது. எண்ணெய், அரிசி, பருப்பு வியாபாரத்தில் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோ மிஞ்சினால் போதும் என்று சரக்கை வேகமாகத் தள்ளுவதே பழக்கம். நூற்றுக்கு ஒரு ரூபாய் மிஞ்சுகிறவரிடம் எட்டணாவை எடுத்தால் பாதி போயிற்று. நகை வியாபாரிக்கும் மருந்துக்கடைக்கும் அப்படி இல்லை. வியாபாரிகள் எதிர்த்ததை வெறும் கஞ்சத்தனம் என்று ஒதுக்க முடியாது.

வரி எத்தனை இடத்தில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சென்னைச் சட்டம் ஒவ்வொரு விற்பனையிலும் வரி கேட்டது. தென் ஆர்க்காட்டு நிலக்கடலையை எடுத்துக்கொள்ளுங்கள். விளைவித்த விவசாயி தன் காட்டுக் கடலையை விற்றால் வரி இல்லை. சட்டம் அவரைத் தெளிவாக விலக்கியது, அது சட்டத்தின் பெரிய நற்குணம். பிறகு மண்டிக்காரர் ஆலைக்கு விற்கிறார், அரை. ஆலை எண்ணெயாக்கி மொத்த வியாபாரிக்கு விற்கிறது, அரை. அவர் ஊர்க்கடைக்கு விற்கிறார், இன்னொரு அரை. ஊர்க்கடை பெரிதாக இருந்தால் மறுபடியும் அரை. தாளிக்க ஒரு ஆழாக்கு எண்ணெய் வாங்கும் வீட்டுக்கு இந்த அரைகள் எல்லாம் விலையில் ஏறி வந்து சேரும். ரசீது கிடையாது, வரி கட்டுகிறோம் என்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. சொந்த மண்டியும் சொந்த ஆலையும் சொந்தக் கிடங்கும் உள்ள பெரிய முதலாளிக்கோ கை மாறுவது குறைவு, வரியும் குறைவு. வங்காளம் 1941-இல் விற்பனை வரி கொண்டுவந்தபோது இந்த வழியைப் பின்பற்றாமல் ஓரிடத்தில் மட்டும் வரி வாங்கும் முறையைத் தேர்ந்தது.

இருந்தாலும் பல இட முறைக்கு ஒரு நியாயம் சொல்லலாம். விகிதம் மிகச் சிறியதாக இருக்கும். ஏய்த்தால் கிடைக்கும் ஆதாயமும் சிறியதாக இருக்கும். ஒருவர் மறைத்தாலும் அடுத்தவர் பேரேட்டில் அது அகப்படும்.

விலக்குகளில் ராஜாஜியின் கைரேகை தெரிகிறது. பருத்திக்கும் நூலுக்கும் வரி இல்லை. கைத்தறித் துணிக்கும் இல்லை, ஆனால் ஒரு நிபந்தனை: கைத்தறி மட்டுமே விற்கும் கடையாக இருக்க வேண்டும். மில் துணியையும் கைத்தறியையும் ஒரே அலமாரியில் அடுக்கியவருக்கு விலக்குக் கிடையாது. வரியை வைத்துக்கொண்டே கடைக்காரரைக் கைத்தறிப் பக்கம் தள்ளும் முயற்சி அது. சேலத்துத் தறிக்காரர் பக்கம் கொஞ்சம் தராசு சாயட்டும் என்ற எண்ணம். தங்கம், வெள்ளிக் கட்டிகளுக்கும் விலக்கு இருந்தது. அதை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. உப்பு, புளி, மிளகாய் வரி கட்ட, பொன் கட்டாமல் போனது.

சட்டம் அமலாகி ஒரு மாதத்துக்குள், உலகப் போரில் இந்தியாவைக் கேட்காமல் இழுத்துவிட்டதைக் கண்டித்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகின. ராஜாஜியும் அக்டோபர் இறுதியில் விலகினார். ஆட்சி கவர்னரிடமும் அவருடைய ஆலோசகர்களிடமும் போனது. மதுவிலக்கில் அவர்களுக்கு ஆர்வம் இல்லை. போரின் நடுவில் அதை நிறுத்தி வைத்தார்கள். சேலத்தில் கள்ளுக்கடைகள் மறுபடி திறந்தன. கள்ளுக்கு ஈடாக வந்த வரியைத் திரும்பப் பெறுவார்கள் என்று வியாபாரிகள் எதிர்பார்த்திருந்தால் அதில் தவறில்லை. வரி போகவில்லை. போர்க்கால விலையேற்றத்தில் விற்றுமுதல் தானாக வீங்கியது, வரியும் கூடவே வளர்ந்தது. இப்படியொரு மரத்தை எந்தக் கஜானா வெட்டும்?

நீதிமன்றத்தில் வெட்டிப் பார்த்தார்கள். போட்டு பைதண்ணா அண்டு சன்ஸ் என்ற நிறுவனம் நிலக்கடலை ஆட்டி எண்ணெயும் பிண்ணாக்கும் விற்றது. தானே உற்பத்தி செய்த பொருளைத் தானே முதன்முதலாக விற்கும்போது வாங்கும் வரி கலால்தான். அது மாகாணத்துக்கு உரியதல்ல என்பது அதன் வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. மாகாண அரசு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 1942-இல் மறுபடியும் க்வையர். பொருள் உண்டானவுடனேயே கலால் கடமை பிறந்துவிடுகிறது. அதை விற்றாலும் உண்டாலும் அழித்தாலும் இலவசமாகக் கொடுத்தாலும் சரி. விற்பனை வரியோ விற்றால் மட்டும். கட்டுபவர் ஒருவராக இருக்கலாம், ஆனால் வரி இரண்டு, காரணம் இரண்டு. இதுதான் தீர்ப்பின் சாரம். மத்திய அரசு விடாமல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கும் 1945-இல் சென்னையே வென்றது. இந்தத் தீர்ப்பு வேறுவிதமாக வந்திருந்தால், ஆலைப் பொருள்களின் முதல் விற்பனை மாகாணங்களின் கையைவிட்டுப் போயிருக்கும். இதற்கிடையே வங்காளமும் பஞ்சாபும் 1941-இலும், பீகார் 1944-இலும் விற்பனை வரிக்கு வந்துவிட்டன. பம்பாய் 1946-இல் வந்தது. கடலை எண்ணெய் வழக்கின் முடிவில் எல்லோருடைய கருவூலமும் தொங்கிக்கொண்டிருந்தது.

1946-இல் காங்கிரஸ் மீண்டும் ஆட்சிக்கு வந்தது. பிரகாசம் அரசு அதே ஆண்டு அக்டோபரில் சில மாவட்டங்களில் மதுவிலக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. 1948 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி கொல்லப்பட்ட பின் வந்த முதல் காந்தி ஜயந்தியன்று, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு மாகாணம் முழுதும் கடைகளை மூடியது. அந்த ஆண்டே ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தது; பிரகாசம் குழு கேட்டுப் பத்தாண்டு கழித்து.

அப்காரி முழுவதும் போயும் கருவூலம் கவிழவில்லை. 1939-இல் ரூபாய்க்கு ஒரு பைக்கும் குறைவாக இருந்த வரி, 1950 வாக்கில் ரூபாய்க்கு மூன்று பை ஆகியிருந்தது. நூற்றுக்கு ஒன்றரைக்கும் மேல், அதுவும் கை மாறும் இடத்திலெல்லாம். 1956-இல் காமராஜர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தொடங்கியபோது மாநிலக் கருவூலத்தில் கள்ளுக் காசு கிடையாது. அந்தச் சோற்றில், தன் வீட்டு எண்ணெய்க்கும் புளிக்கும் அந்தப் பிள்ளையின் தாய் ரசீதில்லாமல் கட்டிய பையும் கலந்திருந்தது.

தோட்ட முதலாளிகளின் விவசாய வருமானத்துக்குச் சென்னையில் வரி வந்தது அதற்கு முந்தைய ஆண்டில், 1955-இல். பீகார் அந்த வரியைப் போட்டுப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

(தொடரும்)